அன்று அட்டைக் கட்டு! இன்று கேள்விக் கட்டு!

தரமணிப் பக்கம் நள்ளிரவில் போய்ப் பார்த்ததுண்டா, தோழர்களே? மயிலாப்பூரிலிருந்து புறப்பட்டு, அடையாற்றின் மீதுள்ள திரு.வி.க. பாலத்தைக் கடந்து, மத்திய கைலாசத்தில் திரும்பிச் சற்றுத் தொலைவு சென்றால், கண்ணாடி மாளிகைகள் வரிசை வரிசையாக நிற்கக் காணலாம். 2000-ஆம் ஆண்டு ஜூலையில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதிலிருந்து வளர்ந்த வட்டாரம் அது. நள்ளிரவிலும் அங்கே விளக்குகள் எரியும். முன்பெல்லாம் அந்த விளக்கின் கீழே ஒரு வாலிபனோ, ஒரு பெண்ணோ, கண்கள் சிவக்க அமர்ந்து அமெரிக்க நாட்டுக் கம்பெனிக்காகப் புரோகிராம் எழுதிக்கொண்டிருப்பார்கள். இன்று சில மேசைகளில் ஆள் இல்லை. ஆனால் வேலை நடக்கிறது! மாலையில் வீட்டுக்குப் புறப்படும் முன் ஒரு கட்டுக் கேள்விகளை யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். விடியும்போது ஒரு கட்டு விடைகள் வந்து கிடக்கின்றன.

ஆள் இல்லாமல் வேலையா? அது என்ன வேலை? யார் செய்த வேலை? தவறிவிட்டால் யார் தலையில் விடியும்? இந்த மூன்று கேள்விகளையும் பாட்டாளித் தோழர்கள் கேட்டாக வேண்டும். "அது படித்தவர்கள் விவகாரம், கம்ப்யூட்டர்க்காரர்கள் கவலை, நமக்கென்ன?" என்று ஒதுங்குவதற்கில்லை. உங்கள் சம்பளச் சீட்டு, உங்கள் பி.எஃப். கணக்கு, உங்கள் ரேஷன் அட்டை, உங்கள் பிள்ளையின் பரீட்சை மார்க்கு ஆகிய அத்தனையும் இன்று ஏதோ ஒரு புரோகிராமின் வயிற்றுக்குள் இருக்கின்றன. அந்தப் புரோகிராமை எழுதும் முறை மாறுகிறது என்றால், அது உங்கள் அடுப்படி வரை வந்து சேரும் செய்திதான்.

ரப்பர் வளையம் போட்ட அட்டைகள்

கட்டாகக் கொடுத்துக் கட்டாக வாங்குவது புதுமை அன்று. நம் அடையாற்றுக்கு அது பழைய கதை.

மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் தோன்றிய சென்னை ஐ.ஐ.டி.யில், 1973-இல் ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய கம்ப்யூட்டர் வந்து அமர்ந்தது. அதன் முன்னால் மாணவன் உட்கார்ந்து விரலால் தட்டிப் பேச முடியாது. புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளையிட வேண்டும். அட்டைக்கு 80 பத்திகள். ஒரு வரிக்கு ஓர் அட்டை. இருநூறு வரி என்றால் இருநூறு அட்டை. கட்டாக அடுக்கி, ரப்பர் வளையம் மாட்டி, ஜன்னலில் கொடுத்துவிட்டு வர வேண்டும். யந்திரம் தன் வரிசைப்படி அதை எடுத்துப் படித்து, விடையைத் தாளில் அச்சடித்து வெளியே தள்ளும். மாணவன் பிறகு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

அட்டைகள் கை தவறிச் சிதறினால் என்ன ஆகும்? அதற்காகவே அனுபவசாலிகள் கட்டின் மேல்விளிம்பில் சாய்வாக ஒரு மைக்கோடு இழுத்து வைப்பார்கள். கோடு நேராகச் சேர்ந்தால் அட்டைகள் முறையாக அடுக்கப்பட்டுவிட்டன என்று பொருள். ஓர் இடத்தில் காற்புள்ளி விட்டுப் போயிருந்தால்? விடைக்குப் பதிலாகப் பிழைச் செய்தி வரும். மீண்டும் அட்டை, மீண்டும் ஜன்னல், மீண்டும் காத்திருப்பு!

அந்த நாளில் யந்திரத்தின் நேரம் பொன்னினும் அரிது; மனிதனின் நேரம் மலிவு. ஆகவே மனிதன் யந்திரத்துக்காகக் காத்திருந்தான். காத்திருந்த அந்த நேரத்தில் ஒரு நன்மையும் விளைந்தது. கட்டைக் கொடுக்குமுன் பத்து முறை படித்துப் பார்த்தான். தவறினால் ஒரு நாள் போய்விடுமே என்ற அச்சம் அவனைக் கூர்ந்து பார்க்க வைத்தது.

பிறகு மேசைக்கு மேசை கம்ப்யூட்டர் வந்தது. கட்டு மறைந்தது, கேட்டவுடன் விடை என்ற காலம் பிறந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, போன கட்டு புது வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது!

சலவைக்குப் போடும் துணி

புது வேடம் எது என்று பார்ப்போம். 2021-இல் கிட்ஹப் கோபைலட் என்ற துணைவன் அறிமுகமானது. 2025-இல் கிளாட் கோட் போன்றவை வந்தன. இவை புரோகிராம் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு யந்திரங்கள். தொடக்கத்தில் ஒரு கேள்வி, ஒரு பதில் என்று பேச்சு நடந்தது. பிறகு கம்பெனிக்காரர்களுக்கு ஓர் எண்ணம் பிறந்தது. நம்மிடம் பழைய புரோகிராம் கோப்புகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றனவே! ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டா இருப்பது? ஆயிரம் கேள்விகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டால் என்ன?

2024 ஏப்ரலில் ஓப்பன் ஏஐ நிறுவனமும், அதே ஆண்டு அக்டோபரில் ஆந்த்ரோபிக் நிறுவனமும் இதற்கு வழி திறந்தன. நிபந்தனை எளிது. மூட்டையை இப்போது கொடு. விடையை உடனே கேட்காதே. 24 மணி நேரத்துக்குள் தருகிறோம். அதற்கு ஈடாகக் கட்டணத்தில் சரிபாதி தள்ளுபடி!

பாதி விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? லாரித் தொழிலாளத் தோழர்கள் நொடியில் சொல்லிவிடுவார்கள். சேலத்துக்குச் சரக்கு இறக்கிவிட்டுச் சென்னைக்கு வெறும் வண்டியாகத் திரும்புவதைவிட, பாதி வாடகைக்காவது ரிட்டர்ன் லோடு ஏற்றுவது லாபம் அல்லவா? அதேதான் இங்கும். கோடி கோடியாகக் கொட்டி வாங்கிய யந்திரங்கள், கூட்டம் குறைந்த நேரத்தில் சும்மா சுழலக் கூடாது. அவசரக் கேள்விகள் குறைந்த வேளையில் மூட்டைக் கேள்விகள் உள்ளே நுழைகின்றன.

மூட்டை எப்படிப் போகிறது, எப்படித் திரும்புகிறது? மயிலாப்பூர்ச் சந்துகளில் சலவைக்குத் துணி போட்டவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நூறு வீட்டுத் துணியும் ஒரே துறையில் ஒன்றாக வெளுக்கப்படும். ஆனாலும் என் வேட்டி உங்கள் வீட்டுக்கு வருவதில்லை. ஏன்? ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் சேங்கொட்டை மையால் ஒரு குறி இருக்கும். வெள்ளாவியில் வைத்தாலும் அழியாத குறி! சலவைத் தொழிலாளி எந்த வரிசையில் துவைத்தாலும், குறியைப் பார்த்து வீட்டைக் கண்டுபிடிப்பார்.

கேள்வி மூட்டையிலும் அப்படியே. அனுப்பிய வரிசையில் விடை திரும்பும் என்பதற்கு உறுதி கிடையாது. முதலில் போன கேள்விக்கு விடை கடைசியில் வரலாம். ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடையாளக் குறி இட வேண்டும். விடை அந்தக் குறியோடுதான் திரும்பும். குறியைப் பார்க்காமல், "முதல் விடை முதல் கேள்விக்கு" என்று வரிசைப்படி ஒட்டினால், அண்ணன் சட்டை தம்பிக்கும் தம்பி சட்டை தாத்தாவுக்கும் போய்ச் சேரும்!

இன்னொன்று: மூட்டையில் உள்ள ஒவ்வொரு கேள்வியும் தனித் தனி ஆள் போல. ஒன்றுக்குச் சொன்னது மற்றொன்றுக்குத் தெரியாது. "மேலே சொன்னபடி செய்" என்று எழுதினால் பயன் இல்லை. மேலே சொன்னதை அது பார்த்ததே இல்லை. ஆயிரம் கேள்வி என்றால் ஆயிரத்திலும் முழுக் கட்டளையும் இருக்க வேண்டும். அந்தக் கட்டளையில் ஒரு சொல் தவறானால், தவறு ஒன்றோடு நிற்காது, ஆயிரத்திலும் பரவும். அட்டைக் காலத்தில் காற்புள்ளி தவறினால் யந்திரம் நின்றுவிடும். பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். இந்த யந்திரமோ நிற்பதில்லை. தவறான கட்டளைக்கும் சளைக்காமல், சரளமாக, நம்பும்படியாக விடை எழுதிக் கொடுத்துவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

தியாகராய நகரில் நடந்தது

பனகல் பூங்காவுக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் ஒரு தம்பியைச் சந்தித்தோம். துணிக்கடைகளுக்குச் சம்பளக் கணக்குப் புரோகிராம் எழுதித் தரும் சிறு நிறுவனம் ஒன்றில் வேலை. நிறுவனத்தின் பெயர் நமக்கு வேண்டாம். நடந்தது எந்த இடத்திலும் நடக்கக் கூடியதுதான்.

கடைக்குக் கடை வழக்கம் வேறு. ஆகவே ஆண்டுக் கணக்கில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு தனிக் கோப்பு என்று 140 கோப்புகள் சேர்ந்துவிட்டன. ஒரே கணக்கு ஒரே கோப்பில் இரண்டு மூன்று இடங்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. மேலதிகாரி அழைத்தார். "இதையெல்லாம் யந்திரத்திடம் கொடுத்துச் சுத்தம் செய். திங்கட்கிழமை முடிந்திருக்க வேண்டும்" என்றார். தம்பி 140 கேள்விகளை மூட்டையாகக் கட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரே கட்டளை: "இரட்டிப்பாக வருவதை நீக்கி, எளிமையாக்கு. சரிபார்க்கச் சோதனையும் எழுது."

இரவு போயிற்று. காலையில் 140 விடைகளும் வந்தன. சோதனைகள் அத்தனையும் தேறின. திரை முழுதும் பச்சை விளக்கு. மேலதிகாரிக்கு மகிழ்ச்சி.

அந்த அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அம்மையார் ஒருவர்; ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். அவருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "ஒரே ஒரு சீட்டை எடுத்துப் போட்டுப் பார்க்கிறேன் தம்பி" என்று பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தார். ஒரு விற்பனைப் பெண்ணின் சீட்டு. மணிக்கு 60 ரூபாய். பண்டிகை மாதத்தில் 20 மணி நேரம் மிகை வேலை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ஆம் ஆண்டுச் சட்டம், மிகை நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும் என்கிறது. அதன்படி 2,400 ரூபாய் வர வேண்டும். புதிய புரோகிராம் காட்டியதோ 1,200!

என்ன நடந்தது? "இரட்டிப்பாக வருவதை நீக்கு" என்று தம்பி சொன்னது, திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்த வரிகளை. பெரும்பாலான கோப்புகளில் யந்திரம் அதைச் சரியாகவே புரிந்துகொண்டது. ஆனால் 31 கோப்புகளில், ஊதியத்தை இரண்டால் பெருக்கும் வரியையும் "இரட்டிப்பு" என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிட்டது! போராடிப் பெற்ற இரட்டைச் சம்பளம் ஒரே இரவில், ஒரு சொல்லின் மயக்கத்தில், ஓசையில்லாமல் ஒற்றைச் சம்பளம் ஆகிவிட்டது!

அப்படியானால் சோதனை எப்படித் தேறியது? அங்கேதான் வேடிக்கை. சோதனையை எழுதியதும் அதே யந்திரம்தான். தான் போட்ட புதிய கணக்கையே சரியான விடை என்று வைத்துக்கொண்டு, அதற்கேற்பக் கேள்வித்தாள் தயாரித்து, தானே எழுதி, தானே திருத்தி, நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டது. பச்சை விளக்கு எரியாமல் என்ன செய்யும்?

சம்பள நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக அகப்பட்டுக்கொண்டதால் யாருக்கும் நட்டம் இல்லை. அந்த அம்மையார் பென்சில் எடுக்காதிருந்தால்? ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் காலையிலிருந்து இரவு வரை கால் கடுக்க நின்ற பெண்களின் பையிலிருந்து, யார் எடுத்தார்கள் என்றே தெரியாமல், பணம் போயிருக்கும். கடை ஊழியர் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்கே 2021-இல் சட்டத்திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்த நாடு இது. சம்பளச் சீட்டில் ஒரு பெருக்கல் குறைந்ததை எந்தப் பெண் எந்த ஜன்னலில் போய்க் கேட்டிருக்க முடியும்?

"அண்ணே, 140 கோப்பையும் நான் ஒவ்வொன்றாகப் படித்திருக்க வேண்டும். உண்மைதான். ஆனால் படிக்க எனக்கு யார் நேரம் கொடுத்தார்கள்?" என்று தம்பி கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. தேநீர் ஆறிப்போயிருந்தது.

படிக்கும் நேரம் யாருடையது?

தம்பி கேட்ட அந்தக் கேள்விதான், தோழர்களே, இந்த விவகாரத்தின் உயிர்நாடி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். யந்திரம் ஓர் இரவில் 600 விடைகள் தருகிறது. ஒரு விடையைக் கவனமாகப் படித்துச் சரிபார்க்க ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த நேரம்தான். மொத்தம் 3,000 நிமிடம். அதாவது 50 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் ஆறு நாளுக்கும் மேல்! "யந்திரம் இரவிலேயே முடித்துவிட்டதே, பகல் பன்னிரண்டுக்குள் கொடுத்துவிடு" என்கிறது நிர்வாகம். பன்னிரண்டு மணிக்குள் 600 விடைகளை மனிதன் படிக்க முடியுமா? முடியாது. என்ன செய்வான்? படித்தது போலக் கையெழுத்துப் போடுவான். போட்டால் பழி அவனுக்கு; போடாவிட்டால் வேலை போகும்.

அன்று மனிதன் யந்திரத்துக்காகக் காத்திருந்தான். இன்று யந்திரத்தின் குவியல் மனிதனுக்காகக் காத்திருக்கிறது. எழுதும் வேலை மலிந்துவிட்டது. படிக்கும் வேலை பெருகிவிட்டது. ஆனால் கூலிக் கணக்கில் எழுதியதுதான் ஏறுகிறது, படித்தது ஏறுவதில்லை. அச்சுக்கூடத்தில் அனுபவம் உள்ள தோழர்கள் இதை உணர்வார்கள். கம்போசிங் எவ்வளவு வேகமானாலும், புரூஃப் பார்க்காமல் எந்தப் பத்திரிகையும் யந்திரத்தில் ஏறியதில்லை. புரூஃப் பார்ப்பதும் உழைப்பு. அதற்கும் சம்பளம் உண்டு என்பதை யாரும் மறுத்ததில்லை. புரோகிராம் எழுதும் உலகத்துக்கு மட்டும் அந்த நியாயம் வேறா?

மொழியிலும் ஒரு வஞ்சம் ஒளிந்திருக்கிறது. இந்த யந்திரங்கள் சொற்களைத் துண்டு துண்டாக வெட்டி எண்ணி, துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகின்றன. டோக்கன் என்று அதற்குப் பெயர். தமிழை ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக வெட்டும் யந்திரங்களே பல. ஒரே செய்தியைத் தமிழில் கேட்டால் கட்டணம் கூடுதல்! ஒரு கேள்வியில் தெரியாத இந்த வேறுபாடு, ஆயிரம் கேள்வி கொண்ட மூட்டையில் கண்ணை உறுத்தும் தொகையாகிவிடும். பாதிக் கட்டணச் சலுகை ஒரு கையால் கொடுப்பதை, தமிழ் என்பதற்காக இன்னொரு கை எடுத்துக்கொள்கிறது. நம் மொழிக்கு நாமே நல்ல யந்திரங்கள் சமைக்கும் வேலையைப் பல்கலைக் கழகங்களும் அரசும் விரைவுபடுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

வரலாறு சொல்லும் வழி

அப்படியானால் யந்திரமே வேண்டாம் என்கிறோமா? இல்லை, இல்லை. அந்த வாதம் நம் நாட்டில் ஏற்கெனவே ஒரு தடவை நடந்து, நமக்குப் பாடமும் தந்துவிட்டது.

1956-இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசவுடைமை ஆயிற்று. நம் அண்ணா சாலையில் பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடம் 1959-இல் எழுந்தது. 1960-களின் நடுவில், அந்தக் கார்ப்பரேஷனுக்குள் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றதும் ஊழியர்கள் கொதித்தெழுந்தார்கள். கல்கத்தாவில் அலுவலக வாயிலில் இரவு பகலாகக் காவல் நின்று யந்திரம் நுழையாமல் தடுத்தார்கள். கிளர்ச்சி நாடெங்கும் எதிரொலித்தது. கடைசியில் 1969-இல் மத்திய சர்க்கார் தானியங்கி யந்திரங்களைப் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. அதற்குத் தலைவர் யார்? நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த, தொழிலாளர் சட்ட வழக்குகளில் பழுத்த, பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆர். வெங்கட்ராமன். குழு 1972-இல் அறிக்கை தந்தது. யந்திரம் வரலாமா, வந்தால் எப்படி வர வேண்டும் என்பது முதலாளியின் தனி விருப்பம் என்ற நிலை மாறி, நாட்டின் கேள்வியாக உயர்ந்தது.

வங்கிகளில் என்ன நடந்தது? 1983-இல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து ஒப்பந்தம் செய்துகொண்டன. எந்த அலுவலகத்தில் எந்த வகை யந்திரம் வரலாம் என்பது எழுத்தில் வந்தது. அடுத்த ஆண்டு சி. ரங்கராஜன் குழு அறிக்கை வந்தது. கம்ப்யூட்டர் படிப்படியாக நுழைந்தது.

எதிர்த்தவர்கள் அஞ்சிய அத்தனையும் நடந்துவிடவில்லை என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று கம்ப்யூட்டரை எதிர்த்த குமாஸ்தாக்களின் வீட்டுப் பிள்ளைகள் பலர் பிற்காலத்தில் தரமணியிலும் சிறுசேரியிலும் அதே கம்ப்யூட்டரால் பிழைத்தார்கள். ஆனால் யந்திரம் தானாகக் கருணை காட்டி அந்த நல்வாழ்வைத் தரவில்லை. "வருகிறாயா, வா; ஆனால் நாங்கள் சொல்லும் நிபந்தனையோடு வா" என்று கேட்கும் சங்கம் அன்று இருந்தது. அதனால்தான் வங்கியில் யந்திரம் நுழைந்த அன்று ஊழியர் தெருவில் நிற்கவில்லை.

இன்று தரமணியில் அந்த மேசை எங்கே? ஒப்பந்தம் எங்கே? தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடை எதுவும் இல்லை என்று 2016-இலேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்திவிட்டது. உரிமை இருக்கிறது, கை நீட்டி எடுத்துக்கொண்டவர்கள் சிலரே. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியரில் நூற்றுக்கு இரண்டு பேரை, ஏறத்தாழ 12,000 பேரை, வெளியேற்றப் போவதாக அறிவித்தது. யந்திரத்தால் அல்ல, திறமைப் பொருத்தம் இல்லாததால்தான் என்று நிர்வாகம் சொன்னது. காரணம் எதுவாயினும் ஆகுக. வெளியே அனுப்பும் முடிவில் ஊழியருக்குப் பேச்சு இருந்ததா என்பதுதான் நம் கேள்வி.

நாம் கேட்க வேண்டியவை

பழியை யந்திரத்தின் மேல் போட்டுப் பயன் இல்லை. அது கேட்டதைச் செய்தது. தம்பியின் மேல் போடுவதும் நியாயம் இல்லை. அவருக்கு நேரம் தரப்படவில்லை. ஆகவே, கேள்வி மூட்டை கட்டும் இடங்களில் எல்லாம் ஊழியர்கள் வற்புறுத்த வேண்டியவற்றைச் சொல்கிறோம். இவற்றில் எதுவும் யந்திரத்துக்கு விரோதம் அன்று. நல்ல தொழிலாளி எந்தத் தொழிலிலும் கடைப்பிடிக்கும் ஒழுங்குதான்.

ஒன்று: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். 600 கேள்வியை அனுப்புமுன் பத்தை அனுப்பு. பத்தையும் மனிதன் படிக்கட்டும். கட்டளையில் மயக்கம் இருந்தால் பத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டு: எழுதியவனே பரீட்சை வைக்கக் கூடாது. சோதனையை மனிதன் முன்கூட்டி எழுதி வைக்க வேண்டும். அதில் கை வைக்க யந்திரத்துக்கு அனுமதி கூடாது. கூலி, விடுப்பு, வைப்புநிதி ஆகிய கணக்குகளில் இது கட்டாயம்.

மூன்று: ஆள் இல்லாத இரவில் யந்திரத்துக்கு எழுதிப் பார்க்கும் உரிமை இருக்கலாம், நடப்புக்குக் கொண்டுவரும் உரிமை கூடாது. வாடிக்கையாளர் பெயர், கடவுச்சொல் போன்ற இரகசியங்கள் மூட்டைக்குள் போகவே கூடாது. யந்திரம் படிக்கும் கோப்புக்குள் வேறு எவனாவது கட்டளை போல ஒரு வரியை ஒளித்து வைத்தால், அதையும் கட்டளை என்றே எடுத்துக்கொள்ளும் பலவீனம் அதற்கு உண்டு. காவலாளி இல்லாத கிடங்குக்குச் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டுப் போவார்களா?

நான்கு: திரும்பி வந்ததைக் குறி பார்த்து எண்ணு. 600 போனால் 600 வந்ததா? சில தோற்றிருக்கும், சில 24 மணி நேரத்தில் காலாவதி ஆகியிருக்கும். தோற்றதை மட்டும் மறுபடி அனுப்பு. மொத்தத்தையும் இரண்டாம் தடவை அனுப்பினால் ஒரே மாற்றம் இருமுறை ஏறும். கட்டணமும் இருமுறை ஏறும்.

ஐந்து, எல்லாவற்றிலும் முதன்மையானது: படிக்கும் நேரம் வேலை நேரம். எத்தனை விடையை ஒருவர் ஒரு நாளில் சரிபார்க்கலாம் என்பதற்கு வரம்பு வேண்டும். படிக்க நேரம் தராமல் கையெழுத்துக் கேட்கக் கூடாது. அவசரப்படுத்திய அதிகாரியின் பெயரும் அந்தக் கையெழுத்தின் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்த ஐந்தையும் தம்பிகள் தனித்தனியாகக் கேட்டால் தேநீர்க் கடைப் புலம்பலாகவே போகும். சேர்ந்து கேட்டால் அது ஒப்பந்தம் ஆகும். யந்திரத்துக்கே கேள்விகள் கட்டாகப் போகும்போதுதான் விலை குறைகிறது என்றால், மனிதர்களின் கோரிக்கை மட்டும் உதிரி உதிரியாகவா போக வேண்டும்?

தியாகராய நகர்த் தம்பியிடம் விடைபெறும்போது அந்த அம்மையாரைப் பற்றிக் கேட்டோம். "அவங்க ஓய்வுக்குப் பிறகும் வரணும்னு கேட்டிருக்கோம், அண்ணே" என்றார். அவரை அழைப்பது நல்லதுதான். ஆனால் ஒரு நகரத்தின் சம்பளக் கணக்கெல்லாம் ஓர் அம்மையாரின் மன ஒப்பாமையையும் ஒரு பென்சிலையும் நம்பி நிற்கக் கூடாது. அவர் அன்று தானாகச் செய்ததை, எல்லா அலுவலகமும் கட்டாயமாகச் செய்யும் முறையாக்க வேண்டும். அந்த வேலைக்கு நேரமும் ஊதியமும் ஒதுக்க வேண்டும்.

தரமணிக்குப் போகும் வழியில் நாம் கடந்த பாலத்தின் பெயரை மறுபடி நினைத்துப் பாருங்கள். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதற்குத் தோள் கொடுத்த தமிழறிஞர் திரு.வி.க. அன்று ஆலையின் நூல் யந்திரத்தின் முன் நின்றவனுக்கு அவர் சொன்ன சேதி, இன்று கண்ணாடி மாளிகையில் கேள்வி மூட்டை கட்டுபவனுக்கும் பொருந்தும். நாள்தோறும் அந்தப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும் தம்பிகளே, தங்கைகளே! யந்திரம் வேலை செய்யட்டும். அதன் வேலையைப் பார்த்துச் சரி என்று சொல்லும் உரிமையும், அதற்கான நேரமும் உங்களுடையவை. கேட்டு வாங்குங்கள், கூடிக் கேளுங்கள்!